பிடி பருத்தி போடலாமா வேண்டாமான்னு கேட்ட அரூர் தம்பிக்கு

தம்பி, உங்க கேள்விய மேலோட்டமா பாத்தா "மரபணு மாற்றுப் பயிர் நல்லதா கெட்டதா"ன்னு தான் இருக்கு, ஆனா முழுசா படிச்சா நீங்க கேக்கறது வேற. அரூர் பக்கம் அப்பா 3 ஏக்கர்ல பருத்தி போடறாரு, ஒன்றரை ஏக்கருக்கு போர் தண்ணி, மிச்சம் வானம் பாத்த கொல்லை, போன வருஷம் கடைசி ரெண்டு எடுப்பும் புழு தின்ன கறைப் பஞ்சாவே வந்துச்சு, நீங்க பெங்களூர்ல வேலை பாக்கறீங்க. ஒரு வீடியோல ஒருத்தர் பிடி விதையால (புழுவக் கொல்ற மரபணுவ உள்ள வெச்ச பருத்தி விதை) மண்ணு செத்துடும், அந்த விதை மறுபடி முளைக்காது, அந்தக் கொட்டைய தின்னா மாடு செத்துடும்னு சொன்னத பாத்துட்டு பயந்து போய், அப்பாவ பருத்திய விடச் சொல்லவா, இல்ல வேற விதை வாங்கிக் குடுக்கவான்னு கேக்கறீங்க. கூடவே நம்ம ராயக்கோட்டை தக்காளியும் அப்படி மாத்தினதுதானான்னு ஒரு சந்தேகம். இதுல சிலதுக்கு அடிச்சு பதில் சொல்லலாம், சிலதுல படிச்சவங்களே ரெண்டா பிரிஞ்சு நிக்கறாங்க, ரெண்டையும் கலக்காம சொல்றேன்.

நான் பி.எஸ்சி. அக்ரி முடிச்சிட்டு 9 வருஷம் ஒரு விதைக் கம்பெனிக்கு ஃபீல்டு ஆளா பாப்பிரெட்டிப்பட்டி, கடத்தூர், மொரப்பூர் பக்கமெல்லாம் சுத்துனவன், அதுக்கப்புறம் 15 வருஷமா சொந்த நெலத்துல பருத்தி, மஞ்சள், ராகின்னு மாத்தி மாத்தி போட்டுட்டு இருக்கேன். லேப்ல உக்காந்து ஜீன், அதாவது மரபணு, வெச்சவன் கிடையாது, டாக்டரும் கிடையாது. புழுவப் பத்தியும் விதையப் பத்தியும் கணக்கப் பத்தியும் சொல்றத நம்பலாம், உங்க நெலத்து மண்ண பாக்காம உரம் எவ்ளோன்னெல்லாம் சொல்ல மாட்டேன்.

முதல்ல தக்காளிய முடிச்சிடறேன். இந்தியால விவசாயி விதைச்சு விக்க சட்டப்படி அனுமதி உள்ள மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒண்ணுதான். ராயக்கோட்டை மண்டிக்கும் பாலக்கோடு மண்டிக்கும் வர்ற தக்காளி ஹைபிரிட், அதாவது ரெண்டு தக்காளி ரகத்த பூவோட பூ சேத்து எடுத்த வீரிய ஒட்டு, அதுல வெளில இருந்து எந்த ஜீனையும் வெக்கல. தோலு கெட்டியா இருக்கு, நாலு நாள் தாங்குது, புளிப்பு கம்மின்னு நம்மாளுங்க அத "மாத்துன தக்காளி"ன்னு சொல்றாங்க, அவ்ளோதான். ரெட் லேடி பப்பாளியும் அப்படித்தான், அது தைவான்ல எடுத்த ஹைபிரிட், மரபணு மாத்துனது ஹவாயில 1998ல விவசாயிங்களுக்கு வந்த வேற பப்பாளி. விதையில்லா தர்பூசணியும் மரபணு மாத்துனது இல்ல. பிடி கத்திரிக்கு 2009 அக்டோபர்ல ஜி.இ.ஏ.சி.ங்கற மத்திய அரசோட மரபணுப் பயிர் அனுமதிக் கமிட்டி சரின்னு சொல்லுச்சு, ஆனா 2010 பிப்ரவரில அப்ப சுற்றுச்சூழல் மந்திரியா இருந்த ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வெச்சாரு, இன்னிக்கும் நின்னுதான் இருக்கு (கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் நம்ம ஊர் கத்திரி ரகத்துலயே அந்த ஜீன வெச்சு தயாரா இருந்துச்சு, பங்களாதேஷ்ல 2014ல இருந்தே விவசாயிங்க போடறாங்க). மரபணு மாத்துன கடுகு 2022ல ஒரு படி தாண்டி, 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட்ல ரெண்டு நீதிபதிங்க ஆளுக்கொரு தீர்ப்பா குடுத்து அப்படியே கெடக்குது.

இப்ப பருத்திக்கு வருவோம். மண்ணுல இயற்கையாவே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கு, அதோட பேர சுருக்கித்தான் பிடி. அது ஒரு புரதம் செய்யும், காய்ப்புழு அத தின்னா புழுவோட குடல்ல இருக்கற காரத்தன்மையில அது கரைஞ்சு குடல் சுவத்துல ஒட்டி ஓட்டை போட்டுடும், புழு தீனி எடுக்காம ரெண்டு மூணு நாள்ல சாகும். நமக்கும் மாட்டுக்கும் வயித்துல இருக்கறது அமிலம், அந்தப் புரதம் ஒட்டற எடமும் நம்ம குடல்ல இல்ல. அதே பாக்டீரியாவ பவுடரா கரைச்சு இயற்கை விவசாயம் பண்றவங்களே தெளிக்கறாங்க. அந்தப் புரதத்த செய்யற ஜீன செடிக்குள்ளயே வெச்சதுதான் பிடி பருத்தி, 2002 மார்ச்ல முதல் அனுமதி, அதுல ஒரு ஜீன், 2006ல வந்த போல்கார்ட் 2ல ரெண்டு ஜீன். இது கொல்றது முக்கியமா காய்ப்புழு வகைகளத்தான். அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி எதுவும் இதுக்கு அசையாது. அதிக மகசூல் ஜீன்னு ஒண்ணு இதுல கெடையாது, வறட்சி தாங்கற ஜீனும் கெடையாது. கடையில "பிடி போட்டா ஏக்கருக்கு 15 குவிண்டால்"னு யாராவது சொன்னா அந்த ஹைபிரிடும் உங்க தண்ணியும் உரமும் குடுக்கற மகசூல ஜீனோட கணக்குல எழுதறாங்கன்னு அர்த்தம்.

விதை மறுபடி முளைக்காதுன்னு சொல்றது தப்பு. நல்லாவே முளைக்கும், கொட்டைய எடுத்து ஈரத்துணில சுத்தி வெச்சு நீங்களே பாருங்க. மலட்டு விதைன்னு ஒரு டெக்னாலஜி 1990கள்ல பேசப்பட்டது உண்மை, அது எந்த நாட்டுலயும் வியாபாரத்துக்கு வரல, நம்ம 2001 ரக பாதுகாப்பு சட்டம் அத தடையே பண்ணியிருக்கு. அதே சட்டம் விவசாயி தன் நெலத்து விதைய எடுத்து வெக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாத்திக்கலாம், விக்கலாம், கம்பெனி பேரப் போட்டு பாக்கெட்ல விக்கத்தான் கூடாதுன்னு சொல்லுது. அப்புறம் ஏன் வருஷா வருஷம் வாங்கறோம்னா, நம்ம ஊர்ல விக்கற பிடி விதை எல்லாம் ஹைபிரிட். ஹைபிரிட் கொட்டைய எடுத்து மறுபடி போட்டா ஒரு செடி நெட்டையா ஒரு செடி குட்டையா, ஒண்ணு சீக்கிரம் ஒண்ணு லேட்டா கலந்துகட்டி வரும். இது ஜீனால வந்தது இல்ல, 1970ல சூரத்துல எச்-4 ஹைபிரிட் வந்தப்பவே, அப்புறம் வரலட்சுமி வந்தப்பவே ஆரம்பிச்சது. உங்க தாத்தாவ கேட்டா வரலட்சுமி பருத்திய சொல்லுவாரு. நம்ம நாட்டுல ஜீன ஹைபிரிட்டுக்குள்ள வெச்சு குடுத்தாங்க, மத்த பெரிய பருத்தி நாடுங்கள்ல பெரும்பாலும் நேர் ரகத்துல, அதாவது கொட்டைய எடுத்து மறுபடி போட்டாலும் அதே மாதிரி வர்ற ரகத்துல வெச்சாங்க. என் பார்வையில விவசாயிக்கு வந்த கஷ்டத்துல பாதி இந்த முடிவுல இருந்து வந்தது.

அந்த ஹைபிரிட் விதை எங்க எப்படி தயாராகுதுன்னு பலருக்கு தெரியாது, அதனால இத கொஞ்சம் சொல்லணும். சேலம், தர்மபுரி பக்கம் விதைப்பருத்தி போடறது பழைய தொழில். பெண் வரிசைல நாளைக்கு விரியப்போற மொட்ட இன்னிக்கு சாயங்காலம் பாத்து, அல்லிய உரிச்சு, மகரந்தப் பைய பூராவும் நகத்தால வழிச்சு எடுக்கணும், சூலகத்துல கீறல் விழக்கூடாது, அடையாளம் கட்டணும், மறுநாள் காலையில ஆண் வரிசைப் பூவ பறிச்சிட்டு வந்து அதுல தடவணும். ரெண்டு மாசத்துக்கு ஒரு நாள் கூட விடாம இது நடக்கணும், ஒரு பூ தப்பிப் போய் தானா காய் புடிச்சா விதை கலப்பாயிடும். வேலை முழுக்க பொம்பளைங்க கை. நான் வேலைக்கு சேந்த காலத்துல கை சின்னதா இருந்தா பூ ஒடையாதுன்னு சொல்லி பள்ளிக்கூடம் போக வேண்டிய பொம்பளப் புள்ளைங்கள கூட்டிட்டு வருவாங்க, நானும் நோட்ல ஆள் கணக்கு எழுதிட்டு நின்னிருக்கேன், அது இன்னிக்கும் மனச அறுக்குது. ஒரு வருஷம் ஒரு அக்கா கடன் வாங்கி கூலி குடுத்து முக்கா ஏக்கர்ல கிராசிங் பண்ணினாங்க, விதைய குடுத்து நாலு மாசம் கழிச்சு "தூய்மை டெஸ்ட் ஃபெயில்"னு சொல்லி சாதா கொட்டை விலை போட்டாங்க, எந்த வயல்ல போட்டு பாத்தீங்க காட்டுங்கன்னு கேட்டதுக்கு பதிலே இல்ல. கம்பெனி பேரு வேணாம். நான் அந்த வேலைய விட்டதுக்கு அது ஒரு காரணம். மரபணுப் பயிரால விவசாயிக்கு என்ன ஆகுதுன்னு பேசறவங்க இந்த விதை போடற விவசாயிய கணக்குலயே எடுக்கறதில்ல.

சரி, 20 வருஷத்துல என்னதான் நடந்துச்சு. 1990கள்ல பருத்தி போட்டவங்களுக்கு பச்சைக் காய்ப்புழுன்னா தெரியும், எண்டோசல்ஃபான், மோனோகுரோட்டோபாஸ்னு மாத்தி மாத்தி வாரத்துக்கு ஒரு தடவ அடிச்சாலும் புழு சாகாத காலம் அது. பிடி வந்த முதல் சில வருஷம் அந்தப் புழுவுக்கு அடிக்கற மருந்து பெரிய அளவுல கொறஞ்சது, இதுல யாருக்கும் சந்தேகம் இல்ல, நானே கண்ணால பாத்தது. பச்சைக் காய்ப்புழு இன்னிக்கும் பெருசா திரும்பி வரல. அதுக்கு ஒரு காரணம் அது பருத்திய மட்டும் தின்னாது, துவரை, தக்காளி, சோளம், கடலைன்னு எங்கயும் வளரும், அங்க நஞ்சு படாம வளந்த அந்துப்பூச்சி வந்து கலந்துக்கிட்டே இருக்கறதால எதிர்ப்புசக்தி கூட்டம் தனியா பெருகல. செவப்புப் புழு, அதான் இளஞ்சிவப்புக் காய்ப்புழு, அப்படி இல்ல. அதுக்கு பருத்திய விட்டா வேற தீனி இல்லன்னே சொல்லலாம். ஊரெல்லாம் பிடி பருத்தி மட்டும்னா, அத தின்னு தப்பிச்ச புழுவே தப்பிச்ச புழுவோட சேரும். அதுக்குத்தான் பிடி பாக்கெட்டோட 120 கிராம் சாதா விதை குடுத்து ஓரத்துல அஞ்சு வரிசை போடுங்கன்னாங்க, நம்மாளுங்க பெரும்பாலும் அத தூக்கிப் போட்டுட்டாங்க, எதுக்குன்னு யாரும் புரியற மாதிரி சொல்லவும் இல்ல. (இப்ப அதையும் பாக்கெட்டுக்குள்ளயே கலந்து வருது.) அதோட ஹைபிரிட் செடி காய்ல இருக்கற கொட்டை எல்லாத்துலயும் நஞ்சு இருக்காது, ஒரு ஜீனுக்கு நாலுல ஒரு கொட்டை நஞ்சில்லாமலே இருக்கும், செவப்புப் புழு தின்றதே கொட்டையத்தான், கொஞ்சமா நஞ்சு தின்னு பழகறதுக்கு நாமளே பள்ளிக்கூடம் வெச்சு குடுத்த மாதிரி ஆயிடுச்சு. குஜராத்ல முதல் ஜீனுக்கு எதிர்ப்பு வந்துடுச்சுன்னு 2010ல கம்பெனியே ஒத்துக்கிச்சு, அடுத்த நாலஞ்சு வருஷத்துல ரெண்டு ஜீன் விதைக்கும் அதே கதி. அமெரிக்காவுல இதே புழுவ பிடி பருத்தியோட மலட்டு அந்துப்பூச்சியையும் ஊர் ஊரா விட்டு, செடிய காலத்துல அழிச்சு, 2018ல நாட்ட விட்டே ஒழிச்சாச்சுன்னு அறிவிச்சாங்க. ஜீன் அதேதான், கையாண்ட விதம் வேற. உங்க அப்பாவுக்கு போன வருஷம் கடைசி எடுப்புல வந்ததும் இந்த செவப்புப் புழுதான்னு நீங்க எழுதியிருக்கற அடையாளத்துல தெரியுது, வெளில ஓட்டையே தெரியாம உள்ள கொட்டை காலியா, பஞ்சு மஞ்சக் கறையா இருந்துச்சுன்னு சொல்றீங்களே.

இனிமே சொல்றது சண்டை நடக்கற எடம். நாட்டோட சராசரி பஞ்சு மகசூல் 2001-02ல ஹெக்டேருக்கு சுமார் 300 கிலோ, 2007-08ல 550 தாண்டுச்சு, அப்புறம் அங்கயே நின்னு 2020க்கு அப்புறம் 450 பக்கம் எறங்கிடுச்சு. ஏறுனது பிடியாலன்னு ஒரு கட்சி. ஜெர்மனி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்காரங்க 2002ல இருந்து 2008 வரைக்கும் அதே விவசாயிங்கள திரும்பத் திரும்ப கேட்டு, பிடியால ஏக்கருக்கு மகசூல் 24 சதவீதம், லாபம் 50 சதவீதம் கூடுச்சுன்னு எழுதினாங்க. நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்துல இயக்குநரா இருந்த கேசவ் கிராந்தி வேற கணக்கு காட்டறாரு, 2004-05லயே மகசூல் 450 தாண்டிடுச்சு, அப்ப சட்டப்படி வந்த பிடி பத்துல ஒரு பங்கு நெலத்துல கூட இல்ல, அதனால உரம், பாசனம், புதுசா வந்த மருந்து இதெல்லாம்தான் பெரிய காரணம்னு. எனக்கு ரெண்டுமே பாதி பாதி சரின்னு படுது, நம்ம பக்கம் பாசனப் பருத்தில லாபம் நெசமா கூடுச்சு, மானாவாரில மழ வந்த வருஷம் மட்டும் கூடுச்சு. தற்கொலை விஷயமும் அப்படித்தான். பிடி பருத்தியால லட்சக்கணக்கான பேரு செத்தாங்கன்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல, 2002க்கு முன்னாடியே பருத்தி மாநிலங்கள்ல அந்தக் கொடுமை இருந்துச்சு. அதுக்காக விதைக்கு சம்பந்தமே இல்லன்னு தட்டி விடவும் என்னால முடியாது, மழையில்லாத மண்ணுல செலவு ஜாஸ்தி உள்ள ஹைபிரிட்ட கடன்ல போட வெச்சது ஒரு முடிவு, அந்தக் கடன் ஒரு குடும்பத்துல வந்துதான் உக்காருது. 2017ல மகாராஷ்டிரா யவத்மால்ல புழு திரும்பினதும் மருந்து மேல மருந்தா கலந்து அடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்க. அப்பா மாஸ்க், கையுறை இல்லாம அடிக்கறவரா இருந்தா வீடியோ பாத்து பயப்படறதுக்கு முன்னாடி அத மாத்துங்க, இத நான் கைகூப்பி கேட்டுக்கறேன்.

மண்ணு சாகறது பத்தி: அந்தப் புரதம் வேர்லயும் விழற இலையிலயும் மண்ணுக்குப் போறது உண்மை, ஆனா அது மக்கிடுது, ஒரே கொல்லையில பல வருஷம் பிடி போட்டு அப்புறம் ராகியும் காராமணியும் போட்டு எடுத்திருக்கேன், மண்ணு நல்லாத்தான் இருக்கு. மண்ண கெடுக்கறது வருஷா வருஷம் பருத்தியே போடறதும் தொழு உரம் போடாம மூட்டை உரத்த மட்டும் கொட்டறதும்தான். மாடு: 2006ல வாரங்கல் பக்கம் பிடி பருத்தி வயல்ல மேஞ்ச ஆடுங்க செத்துச்சுன்னு பெரிய செய்தி ஆச்சு, விசாரிச்சவங்க பிடி புரதம்தான் காரணம்னு உறுதிப்படுத்தல, அடிச்ச மருந்தோட மிச்சம் மேல சந்தேகம் போச்சு. 20 வருஷமா நாடு பூரா மாடு தின்ற பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் பெரும்பாலும் பிடிதான். அம்மா கொட்டை ஆட்டி ஊத்தறத நிறுத்த வேணாம், மருந்து அடிச்ச கொல்லையில மட்டும் உடனே மேய விட வேணாம்.

கணக்குக்கு வருவோம். போல்கார்ட் 2 பாக்கெட் விலைய மத்திய அரசு கட்டுப்படுத்துது, ஆரம்பத்துல வந்த ஒரு ஜீன் விதை 1,600 ரூபாக்கு மேல வித்து, 2006ல ஆந்திரா அரசு கேஸ் போட்டதுக்கு அப்புறம் 750க்கு வந்துச்சு, போல்கார்ட் 2 விலை 2025-26ல 900 சொச்சம். ஏக்கருக்கு ரெண்டு பாக்கெட்னாலும் 1,800. மானாவாரில 5 குவிண்டால் எடுத்தீங்கன்னா எடுப்புக் கூலி கிலோவுக்கு 15 ரூபா வெச்சாலே 7,500, களை வெட்டு ரெண்டு தடவ, மருந்து, உரம் எல்லாம் தனி. ஆக விதை விலை உங்கள அமுக்கல, அந்த விதைய நம்பி ஆறு ஏழு மாசம் செடிய வெச்சிட்டு மேல மேல போடற செலவுதான் அமுக்குது. 2025-26க்கு நீள இழைப் பருத்திக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபான்னு அறிவிச்சாங்க, ஆனா கறைப் பஞ்ச ஏலத்துக்கு கொண்டு போனா அந்த விலைய யாரும் தர மாட்டாங்க, கடைசி எடுப்புல கூலி போக கையில ஒண்ணும் நிக்காது.

அதனால அப்பா எடத்துல நான் இருந்தா என்ன பண்ணுவேன்னா, பருத்திய முழுசா விட மாட்டேன், 3 ஏக்கரும் பருத்தியாவும் போட மாட்டேன். போர் தண்ணி இருக்கற ஒன்றரை ஏக்கர்ல 150 நாளுக்குள்ள முடியற குட்டைக்கால ஹைபிரிட், ஆடி ஆவணில விதைச்சிடணும், பக்கத்து கொல்லைக்காரரும் அதே வாரத்துல போட்டா ரொம்ப நல்லது. 45 நாளுக்கு மேல ஏக்கருக்கு ரெண்டு இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சி வாசனைய வெச்சு ஆண் அந்துப்பூச்சிய இழுக்கறது) வெச்சு தினம் காலையில அந்துப்பூச்சிய எண்ணி காலண்டர்ல எழுதச் சொல்லுங்க, ஒரு பொறிக்கு 8, அதுவும் தொடர்ந்து மூணு நாள் விழுந்தாத்தான் மருந்து, கடைக்காரர் சொன்னாருன்னு அடிக்க வேணாம். ரோஜா மொட்டு மாதிரி விரியாம சுருண்டு நிக்கற பூவ பாத்தா கிள்ளி எடுத்து நசுக்கிடணும், உள்ள புழு இருக்கும். மானாவாரி ஒன்றரை ஏக்கர்ல துவரையும் ராகியும் ஊடு போடலாம், பருத்தியேதான் வேணும்னு அப்பா நின்னா கோயம்புத்தூர் பல்கலைக்கழகம் 2020ல விட்ட கோ 17 மாதிரி நேர் ரகத்த நெருக்கி போட்டுப் பாக்கலாம், பிடி இல்லாதது, 130 நாள் பக்கம் ஒரே சமயத்துல காய் வெடிச்சு முடிஞ்சிடும், புழு பெருகற மாசத்துக்கு முன்னாடியே கொல்லை காலி, விதையையும் நாமளே எடுத்து வெக்கலாம். காய்ப்புழுவுக்கு ரெண்டு மருந்து கூட ஆகலாம்னு முன்கூட்டியே அப்பாகிட்ட சொல்லிடுங்க, அப்புறம் உங்க மேல வருத்தப்படக் கூடாது. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துலயும் பையூர் ஆராய்ச்சி நிலையத்துலயும் நேர்ல போய் விதை இருப்ப கேளுங்க, போகும்போது மண்ணு ஒரு கிலோ எடுத்துட்டு போங்க.

யாராவது களைக்கொல்லி அடிச்சாலும் சாகாத பருத்தி விதைன்னு பில் இல்லாம கொண்டு வந்து குடுத்தா வாங்க வேணாம். அதுக்கு நம்ம நாட்டுல அனுமதியே இல்ல, முளைக்கலன்னாலும் கலப்படம்னாலும் யார்கிட்டயும் போய் நிக்க முடியாது. ஒழுங்கான விதைக்கும் பில்லையும் காலி பாக்கெட்டையும் லாட் நம்பரோட பஞ்சு எடுத்து முடிக்கற வரைக்கும் வெச்சிருங்க, நஷ்டஈடு கேட்டு போறவங்க பாதிப் பேரு அது இல்லாமத்தான் திரும்பி வர்றாங்க.

இந்த வருஷத்துக்கு அப்பா இப்பவே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. ஒரு தண்ணி பாய்ச்சினா இன்னொரு எடுப்பு வரும்னு மாசி வரைக்கும் செடிய நிறுத்தி வெக்கறாருன்னு எழுதியிருக்கீங்க, அந்தப் புழுவுக்கு அடுத்த வருஷம் வரைக்கும் எடம் குடுக்கறது அதுதான். வீட்டுப் பின்னாடி அடுப்புக்குன்னு அடுக்கி வெச்சிருக்கற பழைய பருத்திமார்லயும் வெடிக்காத காய் ஒட்டிட்டு இருக்கும், அதுக்குள்ள புழு தூங்கிட்டு இருக்கும், ஒரு பத்து காய ஒடைச்சு பாக்கச் சொல்லுங்க, இருந்தா அந்த அடுக்க முதல்ல எரிச்சிடுங்க, கொல்லையில நிக்கறத பொங்கல் லீவுக்கு நீங்க வரும்போது ரெண்டு பேருமா சேந்து புடுங்கிடுங்க.